நாலு முனை மஞ்சள்

திருவண்ணாமலை
18.1.1993

அன்புத் தம்பி பிரசாத்துக்கு அக்கா தமிழ்செல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எங்கள் கவலை.

கடிதத்தைப் பிரித்ததும் விரலில் மஞ்சள் ஒட்டியிருக்கும். பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. உன் மாமா ஜாடை, உன் வாய். பிறந்ததும் போட்ட சத்தத்தில் நர்ஸே பயந்துவிட்டாள். முப்பதாம் நாள் பேர் வைக்கிறோம். ஓவியா என்று முடிவாகியிருக்கிறது.

காகிதத்தின் நாலு முனையிலும் நான்தான் மஞ்சள் தடவினேன். அப்பாவுக்குப் போதவில்லை. "ஃபாரின் போற லெட்டரு. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள உதிர்ந்துடும். ஜாஸ்தியா வைம்மா" என்று பிடுங்கி, அவர் கையாலேயே இன்னொரு பூச்சு பூசினார். கீழ்பென்னாத்தூர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்தபிறகு அவருக்குப் பொழுது போவதே மாமாவின் வாடகை சைக்கிள் கடையில்தான். செங்கம் ரோட்டில் போகிற வருகிற எல்லோரிடமும் "என் பையன் இங்கிலாந்துல டாக்டருக்குப் படிக்கிறான்" என்கிறார். போன வாரம் ஒரு கிழவர் முழங்கால் வலிக்கு எப்போது ஊசி போட வருவாய் என்று கேட்டுவிட்டுப் போனார். பாலம் கட்டுகிற டாக்டர் என்று மாமா விளக்கியும் கேட்கவில்லை.

வேங்கிக்கால் ஆபீசில் எனக்கு ஏப்ரல்வரை லீவு. ஆகவே நீண்ட கடிதமாக எழுது. அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. நான் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். அம்மா போனபிறகு அவர் முகம் தெளிவது அந்தக் கொஞ்ச நேரம்தான். படிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
அக்கா


ஷெஃபீல்ட்
20.2.1993

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி பிரசாத் எழுதுவது. ஓவியாவுக்கு முத்தம், மாமாவுக்கு வணக்கம். நான் சௌக்கியம். குளிர் பழகிவிட்டது, சாப்பாடு பழகவில்லை.

மஞ்சள் உதிரவில்லை என்று அப்பாவிடம் சொல். சமையலறை முழுக்க நம் வீட்டு வாசனை. கூடக் குடியிருக்கும் ஹெலன், மார்ட்டின், ஜோ மூன்று பேரும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்கள். நல்ல சேதியை நாங்கள் இப்படித்தான் அனுப்புவோம் என்றேன். ஹெலன் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் குத்தி வைத்துவிட்டாள்.

இந்த வரிக்குக் கீழே இருப்பதை அப்பாவுக்குப் படிக்காதே.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து ஓர் இசைக்குழு வைத்திருக்கிறோம். பேர் 'செகண்ட் போஸ்ட்'. இங்கே தபால்காரர் ஒரு நாளைக்கு இரண்டு முறை வருவார். முதல் தபாலில் பில்லும் விளம்பரமும்தான் வரும், நல்ல கடிதம் இரண்டாவதில்தான் வரும் என்பது ஹெலனின் கட்சி. நம் ஊர் மெல்லிசைக் குழு போலத்தான், ஆனால் எல்லாம் சொந்தப் பாட்டு. ஒரு பாட்டு இரண்டரை நிமிடம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் அது திமிர் என்பான் மார்ட்டின். ஹெலன் கத்தவே மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்துவிடுமோ என்கிற மாதிரிதான் பாடுவாள். பஸ்ஸைத் தவறவிட்டது, எழுதிய கடிதத்தைப் போடாமல் பையிலேயே வைத்திருந்தது, இவைதான் பாட்டு. ஜோவிடம் இருப்பது ஒரே ஒரு டிரம். நின்றுகொண்டே அடிப்பான். பெரிய கம்பெனிகள் எங்களைச் சீந்தாது, நாங்களும் அவர்களைச் சீந்துவதில்லை. சமையலறையிலேயே பதிவு செய்து நூறு கேசட் போட்டோம். எல்லாம் தபாலிலேயே விற்றுவிட்டது.

என் கிட்டார் கதையைக் கேள். நம் ஊர்க் கச்சேரிகளில் வயலின் அர்ஜுனன் பாதி நாள் வரமாட்டான், அந்த இடங்களையெல்லாம் நான் கிட்டாரில் நிரப்புவேன், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் அதைப் பழகும்போது "வயலின்காரன் வந்துட்டா நீ என்னாடா பண்ணுவே?" என்று அப்பா கிண்டல் செய்வாரே. இங்கேயும் ஹெலன் மூச்சு விடும் இடத்தில் என் கை தானாக வயலின் பகுதிக்குப் போய்விடுகிறது. இவர்கள் அதை ஏதோ புதுப் பாணி என்கிறார்கள். ரசிகர்கள் டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்து விற்கும் ஒரு சிறு பத்திரிகையில், 'வராத யாருக்கோ பதிலாக வாசிக்கும் கிட்டார்' என்று எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா, நவம்பருக்குப் பிறகு நான் ஆய்வுக்கூடம் பக்கம் போகவில்லை. பட்டியலில் பேர் மட்டும் இருக்கிறது. எனக்குப் பாலம் வேண்டாம். இதுதான் வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உன்னையே நம்பியிருக்கும்,
பிரசாத்


திருவண்ணாமலை
25.3.1993

தம்பி பிரசாத்துக்கு அக்கா எழுதுவது. குழந்தை சுகம், அப்பா சுகம், மாமா சுகம். நான் சுகமில்லை. காரணம் நீ.

படிக்காதே என்று எழுதியிருக்கும் இடம் வந்ததும் நிறுத்தினேன். அப்பா கண்ணைத் திறந்து, "அவ்ளோதானா? பின்னாடியும் எழுதியிருக்குதே" என்றார். பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு நானே ஒரு கடிதம் கட்டினேன். பலமான காற்று அடித்தால் பாலம் எவ்வளவு ஆடும் என்று நீ ஆராய்ச்சி செய்கிறாயாம். பேராசிரியர் உன்னைத் தட்டிக் கொடுத்தாராம். எட்டு வருடமாக டைப்பிஸ்ட் வேலை பார்க்கிறேன், இதுவரை காகிதத்தில் இல்லாத ஒரு எழுத்தை அடித்ததில்லை. மறுநாளே செங்கம் ரோடு முழுக்க உன் பாலம் ஆடியது.

உன் பாட்டு நல்ல பாட்டாகவே இருக்கட்டும். நான் அதைக் குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை நீயே எழுது, ஒரு எழுத்து மாற்றாமல் படித்துக் காட்டுகிறேன். திட்டுவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார், மூன்றாம் நாள் கேட்பார், "அந்தப் பாட்டுக்கு எத்தினி பேரு வராங்களாம்?" என்று. அவரை எனக்குத் தெரியும். இன்னொரு முறை என்னைப் பொய் படிக்க வைக்காதே.

பதிலை எதிர்பார்க்கும்,
தமிழ்செல்வி


ஷெஃபீல்ட்
10.6.1993

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம்.

உடனே எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எங்கள் முதல் இசைத்தட்டு ஆகஸ்டில் வருகிறது. ஒருவர் தன் படுக்கையறையிலிருந்தே நடத்தும் கம்பெனி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு, ஆயிரம் பிரதி. வானொலியில் ஒரு முறை எங்கள் கேசட்டைப் போட்டார்கள். வேனில் பாதி வழியில் இருந்தோம். மார்ட்டின் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். பாட்டு முடிந்த பிறகுதான் மறுபடி கிளப்பினான்.

இசைத்தட்டின் உறை என்ன தெரியுமா? உன் கடிதம்தான். மடிக்கிற ஒரு தாள், நாலு முனையிலும் மஞ்சள், நடுவில் எங்கள் பேர்கள். யோசனை ஹெலனுடையது. முதல் தட்டு, நல்ல சேதி, மஞ்சள் வேண்டாமா?

அப்பாவுக்கு எழுத வேண்டியதைத் தட்டு கைக்கு வந்ததும் எழுதுகிறேன். காட்ட ஒன்று இருந்தால் சொல்வது சுலபம். அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
பிரசாத்


திருவண்ணாமலை
16.8.1993

பிரசாத்துக்கு.

நீ உயிரோடு இருப்பதை நானே ஃபோனில் கேட்டேன். அதனால் உன் நலத்தை விசாரிக்கவில்லை.

அன்று ஐ.எஸ்.டி. பூத்தில் நான் ஏன் பேசாமல் அழுதேன் என்று ஃபோனை எடுத்த ஹெலன் உன்னிடம் கேட்டிருப்பாள். நீயும் புரியாமல் "என்னாச்சுக்கா, என்னாச்சுக்கா" என்றாய். இப்போது சொல்கிறேன், கேள்.

போன புதன்கிழமை நான் ஆபீசில், மாமா கடையில். வீட்டில் அப்பாவும் தொட்டிலில் குழந்தையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் தங்கம்மாளும். தபால்காரர் காசி "டாக்டர் வீட்டு லெட்டரு" என்று கிண்டலாகவே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பா அவசரமாகப் பிரித்தார். உள்ளே உன் எழுத்து இல்லை. அச்சடித்த ஒற்றைத் தாள். நாலு முனையிலும் கறுப்பு. நடுவில் இங்கிலீஷ். பஸ் போர்டும் உர மூட்டையும் படித்துப் பழகிய இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். மூன்றாவது வரியில் பிரசாத்.

வேறு என்ன படிக்க வேண்டும் அவர்? முறைப்படி அந்தத் தாளைக் கிழித்து வாசலுக்கு வெளியே போட்டார். தங்கம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு நேராக ஐயங்குளத்துக்கு நடந்து போய்த் தலைமுழுகினார். நான் ஐந்தரை மணிக்கு வந்தபோது ஈர வேட்டியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "போயிட்டாம்மா" என்றார். அவ்வளவுதான். நான் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. மாமா ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பாட்டு, கிட்டார் என்று இரண்டு வார்த்தை அவருக்குப் பிடிபட்டது. சந்தேகத்தோடுதான் பூத்துக்கு ஓடினோம்.

திரும்பி வந்து, "அப்பா, அவன் நல்லா இருக்கிறான்" என்று காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். முகம் அப்படியே மலர்ந்தது. அதை நான் பார்த்தேன் பிரசாத். அடுத்த கேள்விதான் வந்தது. "அப்ப இது என்னா?"

எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பை விட்டதையும், நான் படித்த பொய்யையும். என் கையிலிருந்து காலை விடுவித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "முழுவுனது முழுவுனதுதான். இன்னொரு தபா முழுவ முடியாது. எனக்குப் புள்ளை இல்ல."

அம்மா போனபோது கருமாதிக் கார்டு நூற்றைம்பதுக்கும் நீயும் நானும் உட்கார்ந்து முனையில் மை தடவினோம். உன் கட்டைவிரல் ஒரு வாரம் கறுப்பாக இருந்தது. ஹெலனுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?

தமிழ்செல்வி


ஷெஃபீல்ட்
29.8.1993

அன்புள்ள அக்கா, இதை அப்பாவுக்கு ஒரு எழுத்து மாற்றாமல் படி.

மஞ்சள்தான் அச்சாக வேண்டியது. இரண்டு வண்ணம் போட்டால் தாமதமாகும் என்று அச்சகத்தில் ஒரே வண்ணத்தில் அடித்துவிட்டார்கள். கட்டைப் பிரித்ததும் மேலே இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன். மார்ட்டின், "மஞ்சளைவிட இதுதான் அழகு" என்றான். ஆயிரம் தாள். இதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் சிரிப்பார்களோ என்று வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டேன். அக்கா, எனக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தேன். வெளிநாட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஹெலன் உன் கடிதத்தின் பின்னாலிருந்த விலாசத்தைப் பார்த்து, யோசனை உன்னுடையது என்ற நன்றியில் ஒரு தாளை அனுப்பியது ஃபோன் வரும்வரை எனக்குத் தெரியாது. இப்போது அவளும் அழுகிறாள்.

அப்பா, படிப்பை விட்டதை உங்களிடம் மறைத்தது தப்பு. பாட்டுக்குப் போனது தப்பில்லை. திட்டி எழுதுங்கள். அடிக்க வேண்டுமென்றால் வருகிறேன். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகன்,
பிரசாத்


திருவண்ணாமலை
20.12.1993

பிரசாத்துக்கு அக்கா எழுதுவது. ஓவியா தவழ்கிறாள். மற்றபடி நலம்.

உன் கடிதத்தை எடுத்தேன். "யாருகிட்டேர்ந்து?" என்றார். சொன்னேன். எழுந்து போய்விட்டார். அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் அவர் உட்கார்ந்திருந்த அறைக்கு வெளியே நின்று சத்தமாகப் படித்தேன். ரேடியோவைத் திருப்பி வைத்தார். தீபத்துக்கு வந்த உறவுக்காரர்களிடம் தன் வாயாலேயே, "எனக்கு ஒரே பொண்ணு" என்றார். ஊசி போட்டுக்கொள்ள வந்த அந்தக் கிழவரிடமும் அப்படியே சொன்னாராம்.

அதனால் பதில் எழுத என்னிடம் எதுவும் இல்லாமல் இருந்தது.

தமிழ்செல்வி


ஷெஃபீல்ட்
3.7.1994

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோருடைய சுகமும் அறிய வேண்டி எழுதுகிறேன். நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை.

இது நல்ல வருடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முழு ஆல்பம் வந்துவிட்டது, பன்னிரண்டு பாட்டு. வேனில் இருபத்தோரு ஊர் போனோம். போன வருடம் நாற்பது பேர் வந்த இடத்தில் இப்போது முந்நூறு பேர். எல்லோரும் எங்களைப் போலவே கூச்சப்படுகிறவர்கள், கைதட்டுவதற்கே யோசிக்கிறார்கள். ஹெலன் முணுமுணுக்க, அவர்களும் கூடவே முணுமுணுக்கிறார்கள். அந்த நாலு கறுப்பு முனைதான் எங்கள் சின்னமாகிவிட்டது. பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். மேடையிலிருந்து பார்த்தால் கூட்டம் முழுக்கக் கருமாதிக் கடிதம் தெரிகிறது. வாசிக்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அதையும் ஒரு பாணி என்று எழுதுகிறார்கள்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

பிரசாத்


11.11.1994

பிரசாத்துக்கு, நாங்கள் எல்லோரும் நலம். வேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். ஊரில் தீபக் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. ஓவியா நன்றாகப் பேசுகிறாள். நீ ஸ்வெட்டர் போட்டுக்கொள். வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஷெஃபீல்ட்
2.4.1995

அன்புள்ள அக்காவுக்கு, நீ நலமா? உன்னைத்தான் கேட்கிறேன்.

நவம்பரில் வந்த உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நீண்ட கடிதம் எழுதுகிறவள் நீ. அதில் அப்பா என்ற வார்த்தையே இல்லை. வேலூருக்கு எதற்குப் போனாய்? ஆபீஸ் நாளில், பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன அவசரம்? இரண்டு முறை கேட்டு எழுதிவிட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

நானும் ஒன்றை மறைத்தேன், சொல்லிவிடுகிறேன். குழு கலைந்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனி வந்தது. முழு டிரம்ஸ் வேண்டும், கிட்டார் இரைய வேண்டும், ஹெலன் தொண்டையைத் திறந்து பாட வேண்டும் என்றார்கள். இங்கே இப்போது அந்த மாதிரிப் பாட்டுக்குத்தான் மவுசு. மார்ட்டின் சரி என்றான். ஹெலன் முடியாது என்றாள். பிப்ரவரியில் கடைசிக் கச்சேரி, தொள்ளாயிரம் பேர். கடைசிப் பாட்டில் ஹெலன் பாடாமல் நின்றுவிட்டாள். அந்த இடத்தையும் நான்தான் கிட்டாரில் வயலின் வாசித்து முடித்தேன். இப்போது தபால் பிரிக்கும் இடத்தில் தற்காலிக வேலை. இந்த வருடக் கடைசியோடு விசாவும் முடிகிறது.

ஊருக்கு வரலாமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இல்லாத பிள்ளை எந்த வாசலில் வந்து நிற்பது?

பிரசாத்


திருவண்ணாமலை
20.6.1995

அன்பு மச்சான் பிரசாத்துக்கு, வேணு எழுதுகிறேன். குழந்தை சௌக்கியம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

தமிழு உனக்கு எழுத மாட்டாள். வேலூர் பஸ்ஸில் அவள் எழுதிய கடிதம் தெரிந்ததும், இனி எழுதக்கூடாது என்று மாமனார் ஓவியா தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். "செத்தவனுக்கு யாராச்சும் கடுதாசி போடுவாங்களா?" என்றார். நான் சத்தியம் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன அக்டோபரிலிருந்து அவருக்கு நெஞ்சு வலி. வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏழு முறை போய் வந்தோம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும், ஜூலை இருபதாம் தேதி என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். பிழைப்பார் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் உறுதி சொல்லவில்லை. கையெழுத்து வாங்கும் காகிதத்தில் பிள்ளைகள் பேர் எழுத வேண்டும். தமிழு தன் பேரை எழுதிவிட்டு உன் பேரை எழுதப் போனாள். அவர் அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. அந்த வரி காலியாகவே இருக்கிறது.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பையன் சைக்கிள் எடுக்கக் கடைக்கு வந்தான். அவன் பனியனில் நாலு கறுப்பு முனை. மாமனார் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "வேணு, இவன் வூட்ல யாரு செத்துட்டாங்க, கேளு" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவன் சிரித்து, பாட்டு, பாட்டு என்று இடுப்பிலிருந்த சின்ன டேப்பைக் காட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று அந்தக் காதுக் கருவியை வாங்கி மாமனாருக்கு மாட்டிவிட்டேன். தட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

தட்டிவிடவில்லை. ஒரு பாட்டு முடிந்தது. "இந்தப் பொண்ணு என்னாத்துக்கு இப்படிப் பயந்து பயந்து பாடுது?" என்றார். இரண்டாவது பாட்டில் ஒரு இடத்தில் கையைத் தூக்கி என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். நான் ஒன்றும் பேசவே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "வயலின்காரன் இன்னும் வரல போலிருக்குதே."

டேப் முழுக்கக் கேட்டார். அந்தப் பையன் வெயிலில் நின்றுகொண்டே இருந்தான். இன்று காலை என்னிடம் வெளிநாட்டுக்குப் போடும் தபால் காகிதம் ஒன்று வாங்கிவரச் சொன்னார். எதற்கு என்றேன். "ஒரு சேதி. முறையா சொல்லணும்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முறை, முறை என்று பிடிவாதம் பிடிக்கிற மனுஷன், என்ன எழுதப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அது உனக்கு வருவதற்குள் நீ நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முந்திக்கொண்டேன்.

வேணு


திருவண்ணாமலை
22.6.1995

இன்னும் பேர் வைக்காத பிள்ளைக்குத் தகப்பன் சக்கரபாணி எழுதிக்கொண்டது.

இப்பவும் எங்கள் வீட்டில் ஆனி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, செங்கம் ரோட்டு சைக்கிள் கடையில், ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. பிறந்ததும் முதலில் சத்தம்தானே கேட்க வேண்டும். கேட்டேன். சத்தம் கம்மிதான். ஆனால் நம் வீட்டுச் சத்தம்.

முழுகினவனுக்குச் செத்தவன் திரும்பி வரமாட்டான். அது முறை. புதிதாகப் பிறந்தால் யாரும் தடுக்க முடியாது. அதுவும் முறை.

நாலு முனையையும் பார்த்துக்கொள். மஞ்சள்தான். என் கையால் தடவியது. அச்சாபீஸை நம்பவில்லை.

முப்பதாம் நாள், ஜூலை பதினேழு, பேர் வைக்க வேண்டும். பிள்ளை இல்லாமல் பேர் வைக்க முடியாது. அதற்கு மூன்று நாள் கழித்து எனக்கு வேலூரில் ஒரு வேலை இருக்கிறது. அங்கே ஒரு காகிதத்தில் ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அதை நிரப்பிவிட்டுத்தான் படுப்பேன்.

வேறு பேர் வைக்கலாமா என்று தமிழு கேட்டாள். பேர் பழசே இருக்கட்டும். பிரசாத். ஜாஸ்தி யோசிக்க முடியவில்லை. சீக்கிரம் வா.